தலைமாட்டில் அமர்ந்திருந்த தாதி
ஆலிஸ் மகாவ் அம்மையாரின் வாழ்க்கை

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் குடும்பம் முழுவதும் கலங்கிப் போகிறது. அந்தக் கலக்கத்தில் பாதி கத்தியைப் பற்றியது. மறுபாதி மயக்க மருந்தைப் பற்றியது. தூங்கப் போகிறவர் திரும்ப எழுந்திருப்பாரா என்ற கேள்வி தாய்மாரின் மனதை அரித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லுகிறோம், சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு அவர் பிராணனைக் காத்துக்கொண்டிருந்தவரை மட்டும் நாம் நினைப்பதே இல்லை. அவர் முகத்தைக்கூட நோயாளி சரியாகப் பார்த்திருக்கமாட்டார்.

அந்த இடத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, பதினாலாயிரம் பேருக்கு மேல் தூங்கவைத்து எழுப்பிய ஒரு தாதியின் கதை இது. அவர் டாக்டர் அல்லர். பெரிய படிப்புப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. ஆயினும் அவர் எழுதிய கட்டுரைகளை டாக்டர்கள் படித்தார்கள். அவர் வேலை செய்வதைப் பார்க்கக் கடல் கடந்தும் சர்ஜன்கள் வந்தார்கள். ஆலிஸ் மகாவ் என்பது அவர் பெயர். மயக்க மருந்துக் கலையின் தாய் என்று அவரைப் பிற்காலத்தார் அழைக்கிறார்கள். அந்தப் பெயரை முதலில் அவருக்குக் கொடுத்தவர் டாக்டர் சார்லஸ் மேயோ என்பர்.

அவர் 1860-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது மின்னசோட்டா மாகாணத்திலுள்ள ராச்செஸ்டர் என்னும் சிறிய ஊரில். கோதுமை விளையும் வயல்களின் நடுவே கிடந்த ஊர் அது. அவருடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றி நீட்டிச் சொல்வதைவிட, அந்த ஊருக்கு நேர்ந்த ஓர் ஆபத்தைச் சொன்னால் மற்றவை தானாக விளங்கும்.

1883-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி மாலையில் ஒரு பெருஞ்சூறாவளி ராச்செஸ்டரைத் தாக்கியது. முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். காயம்பட்டவர்களைக் கிடத்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. கிடைத்த கூடங்களிலெல்லாம் அவர்களைப் படுக்க வைத்தார்கள். ஊரின் வயதான மருத்துவர் டாக்டர் வில்லியம் வொரல் மேயோ, அங்கே மடம் வைத்திருந்த அர்ச். பிரான்சிஸ்கு சபைக் கன்னியரிடம் உதவி கேட்டார். அவர்கள் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். நோயாளிகளைப் பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் வந்தார்கள், இரவும் பகலும் உழைத்தார்கள்.

சூறாவளியின் காயங்கள் ஆறினபின்பும் அவர்களுடைய சிரேஷ்ட தாயாரான மதர் ஆல்பிரட் மோஸ் என்பவருக்கு ஒரே நினைவு. இந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து வந்த இந்தத் தாயார் ஒன்றை நினைத்தால் விடுகிறவர் அல்லர். டாக்டர் மேயோவிடம் போய், நாங்கள் கட்டித் தருகிறோம், நீங்கள் நடத்துங்கள் என்றார். டாக்டருக்குத் தயக்கம். ஊர் சிறியது, செலவு பெரியது. அதுவும் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிற இடம் என்றுதான் ஜனங்கள் எண்ணினார்கள். தாயார் அசையவில்லை. நாற்பதாயிரம் டாலர் வரை செலவிடச் சம்மதித்து, கன்னியர் சிக்கனத்தால் சேர்த்த பணத்தைக் கொண்டு கட்டிடத்தை எழுப்பினார். 1889-ல், 27 படுக்கைகளோடு செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. டாக்டர் மேயோவுக்கு அப்போது வயது 70. அவருடைய புதல்வர் இருவர், வில்லியமும் சார்லஸும், இளம் சர்ஜன்கள். ஒரு புராட்டஸ்டாண்டு குடும்பத்து டாக்டர்களும் கத்தோலிக்க மடத்துக் கன்னியரும் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி நடத்துவதை அந்நாளில் இரு பக்கத்தாரிலும் சிலர் விரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரு தரப்பாரும் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி முதல் ஆபரேஷன் நடந்தது. ஒரு நோயாளியின் கண்ணில் இருந்த புற்றுநோய்க்கட்டியை இளையவர் சார்லஸ் அகற்றினார். மூத்தவர் வில்லியம் பக்கத்தில் நின்று உதவினார். மயக்க மருந்து கொடுத்தவர் கிழவரான தகப்பனார். இரண்டு பிள்ளைகளும் கத்தியும் கையுமாக இருந்தால் மருந்து கொடுக்கத் தகப்பனைத் தவிர வேறு ஆள் ஏது? ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்கள் எவரும் இல்லை. இந்த இல்லாமையிலிருந்துதான் நம் கதை கிளம்புகிறது.

அதற்குமுன் மயக்க மருந்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரக் கொடுத்து, நோவில்லாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். மறு ஆண்டில் எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற டாக்டர் குளோரோபாரத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குளோரோபாரம் இனிய மணமுள்ளது, சீக்கிரம் தூக்கம் தருவது. ஈதரோ தொண்டையைக் கரிக்கும், இருமல் வரவழைக்கும், நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். ஆகையால் பலர் குளோரோபாரத்தையே விரும்பினார்கள். ஆனால் 1848 ஜனவரியிலேயே, இங்கிலாந்தில், கால்நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்த 15 வயதுப் பெண் ஒருத்தி சில நிமிஷங்களில் இறந்துபோனாள். அதுமுதல் அந்த மருந்தைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. நம் நாட்டிலும் ஹைதராபாத்தில், நிஜாமின் செலவில், 1888-லும் 1889-லும் இதை ஆராய இரண்டு கமிஷன்கள் கூடின. குளோரோபாரம் முதலில் மூச்சைத்தான் நிறுத்தும், ஆகையால் மூச்சைக் கவனித்தால் போதும் என்று அவை முடிவு செய்தன. அது முழு உண்மை அல்ல. இருதயத்தையே அது திடீரென்று நிறுத்திவிடக்கூடும் என்பது 1911-ல் லீவி என்பவருடைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

மருந்து இவ்வளவு ஆபத்தானதாக இருந்தும் அதைக் கொடுக்கிறவர் யார் என்பதில் அக்காலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் அக்கறை காட்டவில்லை. கையில் எட்டிய இளம் டாக்டரையோ, வைத்திய மாணவனையோ அந்த ஸ்டூலில் உட்காரச் சொல்லுவார்கள். அந்தப் பையனுடைய ஆசையெல்லாம் தானும் ஒரு நாள் சர்ஜன் ஆக வேண்டும் என்பது. அவன் கண் நோயாளியின் முகத்தில் இராது. சர்ஜனுடைய கையில் இருக்கும். நோயாளி நெளிந்தால் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் ஊற்றுவான். உதடு நீலம் பாய்ந்த பிறகே திரும்பிப் பார்ப்பான். வேலைக்கு மதிப்பும் இல்லை, கூலியும் குறைவு. எவன் அதைக் கற்றுத் தேற விரும்புவான்?

கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஒரு வழி பிறந்தது. பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஈரி நகரிலுள்ள செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியில், 1877-ல் தாதிப் பயிற்சிக்காகச் சேர்ந்த சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரீ, ஓராண்டுக்குள்ளாகவே மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பை ஏற்றார். அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்த தாதிமார்களில் பெயர் தெரிந்தவர்களுள் இவரே முதல்வர். அவருக்குப் பின் வேறு மடங்களிலும் கன்னியர் இதைக் கற்றார்கள். அவர்களுடைய வேலையைப் பற்றி எழுதி வைத்தவர் அநேகமாக யாரும் இல்லை. அவர்களும் எழுதிக்கொள்ளவில்லை.

ராச்செஸ்டரில் கிழவர் மேயோ, சிக்காகோவில் தாதிப் பயிற்சி பெற்று வந்த ஈடித் கிரஹாம் என்ற இளம் பெண்ணை வேலைக்கு அமர்த்தினார். அவரே மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூட ஆசிரியைகளாயிருந்த கன்னியருக்கு நோயாளிகளைப் பராமரிக்கும் விதத்தைச் சொல்லித் தந்தவரும் இந்த ஈடித் அம்மாள்தான். 1893-ல் அவர் டாக்டர் சார்லஸ் மேயோவை மணந்துகொண்டு வேலையை விட்டார். காலியான அந்த ஸ்டூலுக்கு வந்தவர் அவருடைய தோழியும், அவரைப் போலவே சிக்காகோவில் தாதிப் பயிற்சி பெற்றவருமான ஆலிஸ் மகாவ். அப்போது அவருக்கு வயது 32.

அவருக்கு இதைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் இருந்ததா? இல்லை. பாடப்புத்தகம் என்று சொல்லத்தக்கதும் குறைவு. மேயோ சகோதரர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். மற்றதையெல்லாம் அவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே படித்தார். நாள்தோறும் காலையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நோயாளிகள் மேசைக்கு வந்தார்கள். குடியானவன், குழந்தை பெற்ற தாய், குடிகாரன், நடுங்கும் சிறுமி, எண்பது வயதுக் கிழவன். ஒருவருக்குப் போதுமானது மற்றொருவருக்கு அதிகம், இன்னொருவருக்கோ காணாது. இன்ன எடைக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பதை அவர் வெகு சீக்கிரம் கண்டுகொண்டார்.

அவர் கையாண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். அவருடைய பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கம்பியால் செய்த ஒரு சிறு கூடு. அதன்மேல் மெல்லிய பின்னல் துணி இரண்டு மடிப்பு. அதை நோயாளியின் மூக்கையும் வாயையும் மூடும்படி வைப்பார்கள். எஸ்மார்க் என்ற ஜெர்மானிய சர்ஜன் அமைத்த முகமூடி அது. அந்தத் துணியின்மேல் ஈதரைத் துளித்துளியாகச் சொட்டவிட வேண்டும். துணியின் வழியே காற்றும் வரும், ஆவியும் வரும். வேறு பல ஊர்களில் அக்காலத்தில், கூம்பு போல் சுற்றிய துண்டில் ஈதரைத் தாராளமாக ஊற்றி முகத்தில் வைத்து அமுக்குவார்கள். நோயாளிக்கு மூச்சுத் திணறும். தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றெண்ணித் திமிறுவான். நாலு பேர் அவன் கைகாலைப் பிடித்துக்கொள்ளுவார்கள். இப்படித் தூங்கினவன் விழித்த பின்பும் அந்தப் பயத்தை மறக்கமாட்டான்.

ஆலிஸ் அம்மையார் அப்படிச் செய்யவில்லை. முதலில் நோயாளியோடு பேசுவார். மெதுவாக மூச்சு விடச் சொல்லுவார். இப்போது இப்படித் தோன்றும், பிறகு இப்படித் தோன்றும், பயப்பட ஒன்றுமில்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வருவார். முதல் துளிகளுக்கு நடுவே வெகு இடைவெளி விடுவார். தொண்டை அந்த ஆவிக்குப் பழகப் பழகத் துளிகளைச் சற்று விரைவாக்குவார். நோயாளி தூங்கத் தயாராக வேண்டும், அவன் மனமும் கூட ஒத்துழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல வார்த்தை பாதி மருந்து என்று நம் பாட்டிமார் சொல்லுவதில்லையா? அவர் அதைக் கணக்கெடுத்துப் பார்த்து எழுதினார். பேச்சினால் அச்சம் நீங்கிய நோயாளிக்கு மருந்தும் குறைவாகவே தேவைப்படுகிறது என்பது அவர் கண்ட உண்மை. கைகாலைக் கட்டுவதும் பலர் சேர்ந்து பிடிப்பதும் அவருக்குப் பிடிக்காதவை. பிடித்தால்தான் திமிறுகிறார்கள் என்பார்.

ஈதர் தூக்கத்துக்குப் படிகள் உண்டு. முதலில் தலை கிறுகிறுத்து நோவு மங்கும். இரண்டாவது படியில் அறிவு போய்விடும், ஆனால் உடம்பு அடங்காது. உளறுவார்கள், கையை உதறுவார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது படியில் மூச்சு சீராகும், தசைகள் தளரும். சர்ஜனுக்கு வேண்டியது அதுதான். அதற்குமேல் ஆழ்ந்தால் மூச்சு நின்றுபோகும். ஒரு தேர்ந்த கை இரண்டாவது படியை அலட்டலில்லாமல் கடந்து, மூன்றாவது படியின் மேற்புறத்திலேயே நோயாளியை நிறுத்தி வைக்க வேண்டும். அவருக்கு உதவி செய்யக் கருவி எதுவும் கிடையாது. இரத்த அழுத்தம் காட்டும் யந்திரமோ, பிராணவாயுவின் அளவைக் காட்டும் விளக்கோ அன்று இல்லை. முகத்தின் நிறம், மூச்சின் ஓசை, கண்ணின் பாப்பா, விரலுக்கடியில் நாடி, இவைதான். தூங்கினவனுடைய நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். ஆகையால் ஒரு கை எப்போதும் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். மறு கை துளியைச் சொட்ட வேண்டும். மணிக்கணக்காக இப்படி இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தோள்வலி தெரியும்.

ஆபரேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். வயிற்றைத் திறக்கும் வேளையில் ஆழம் வேண்டும், நடுவில் குறைக்கலாம், தையல் முடியும் தறுவாயில் துணியில் துளியே விழாது. இதனால் செலவான ஈதர் குறைந்தது, நோயாளி சீக்கிரம் விழித்தான், வாந்தியும் குறைந்தது. வேறு அறையில் மயக்கிக் கொண்டுவராமல் ஆபரேஷன் மேசையிலேயே தூங்க வைப்பதும், தூங்கிக்கொண்டு வரும்போதே மற்றவர்கள் உடம்பைக் கழுவிச் சுத்தம் செய்வதும் அங்கே வழக்கமாயிற்று.

பிற்பாடு அந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி டாக்டர்கள் வந்தார்கள். இனி அவர்களே மருந்து கொடுக்கலாமே என்று கேட்கத்தக்க காலம். மேயோ சகோதரர்கள் மாற்றவில்லை. ஆலிஸ் அம்மையாரின் கவனம் பங்கு போடாத கவனம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஆபரேஷன் மேசையின் மறுபுறத்திலும் ஒரு பெண்மணி நின்றார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிஸ்டர் மேரி ஜோஸப் டெம்ப்ஸி என்ற கன்னியாஸ்திரீ 1890 முதல் 1915 வரையில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு முதல் உதவியாளராக இருந்தவர்; 1892 முதல் தம் மரணமட்டும் ஆஸ்பத்திரியின் தலைவியாகவும் இருந்தார். வயிற்றில் புற்றுநோய் முற்றினவர்களுக்குத் தொப்புளில் தோன்றும் ஒருவகைக் கட்டியைக் கண்டு சொன்னவர் இவர். வைத்திய நூல்களில் அது இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. ஒரு பக்கம் கன்னியாஸ்திரீ, ஒரு பக்கம் தாதி, நடுவில் சர்ஜன். உலகம் சர்ஜனின் பெயரை மட்டும் சொன்னதென்றால் அது சர்ஜன்களின் குற்றம் அல்ல. மேயோ சகோதரர்கள் இருவருமே இந்தப் பெண்களைத் தாராளமாகப் புகழ்ந்தவர்கள்.

இனி அவர் எழுதியவற்றுக்கு வருவோம். 1899-ம் ஆண்டில், மூவாயிரம் பேருக்கு மேல் மயக்க மருந்து கொடுத்த அனுபவத்தைத் திரட்டி, மின்னசோட்டாவிலிருந்து வெளியான வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். தாதி ஒருத்தி தன் பெயரால் வைத்தியப் பத்திரிகையில் எழுதுவது அந்நாளில் அபூர்வம். அந்த ஓர் ஆண்டு முழுவதும் வந்த 1,092 பேரின் கணக்கை மறு ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் 674 பேருக்கு ஈதர், 245 பேருக்குக் குளோரோபாரம், 173 பேருக்கு இரண்டும் சேர்த்து. ஆண்டுகள் செல்லச் செல்ல ஈதரையே அவர் பெரிதும் நம்பினார். மெதுவாக வேலை செய்கிற மருந்து எச்சரிக்கையும் மெதுவாகத் தரும், தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும் என்பது அதற்குக் காரணம். 1906-ல் அவர் எழுதிய கட்டுரைதான் பெயர் பெற்றது. பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களின் விவரம் அதில் இருந்தது. மயக்க மருந்தால் நேரே விளைந்த மரணம் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பதினாலாயிரம் பேரில் எவருமே இறக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நோயாலும், ஆபரேஷனாலும் இறந்தவர்கள் இருந்தார்கள். மருந்தாலேயே இறந்தவர் இல்லை என்பதுதான் கணக்கு. எது எதனால் வந்தது என்று பிரிப்பது எளிதல்ல. பிரித்தவர்களும் அதே ஆஸ்பத்திரியார். அப்படியெல்லாம் தள்ளுபடி செய்து பார்த்தாலும் மிச்சம் இருப்பது பெரியது. குளோரோபாரத்தாலும் ஈதராலும் நேர்ந்த மரணங்களைப் பற்றி எல்லா நாட்டுப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிராமாந்தர ஊரில், ஒரு துணி முகமூடியையும் ஒரு ஈதர் டப்பாவையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார். எப்படிச் செய்தார் என்பதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

பார்க்க வந்த சர்ஜன்கள் முதலில் மேயோ சகோதரர்களின் கையைப் பார்த்தார்கள்; பிறகு, நோயாளி ஏன் இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறான் என்று தலைமாட்டைப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் தங்கள் தாதி ஒருத்தியைத் தேர்ந்து, இந்த வேலையைக் கற்றுக்கொள்ளச் செய்தார்கள். ராச்செஸ்டருக்கே அனுப்பினவர்களும் உண்டு. அங்கே வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை. பக்கத்தில் நின்று பார்ப்பது, பிறகு தாடையைப் பிடிப்பது, பிறகு துளி விடுவது. கொல்லன் பட்டறையிலும் தச்சன் வீட்டிலும் பிள்ளைகள் தொழில் கற்ற விதம்தான். 1904-ல் டாக்டர் சார்லஸ் மேயோவுக்கு மருந்து கொடுக்க வந்து சேர்ந்த பிளாரன்ஸ் ஹென்டர்ஸன் என்ற தாதி இந்த முறையை மேலும் தெளிவாக்கி எழுதினார்.

வாயால் கற்றது புத்தகமாகி, வகுப்பாக மாறியது 1909-ல். ஆரிகன் மாகாணத்தில் போர்ட்லண்டு நகரிலுள்ள செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியில், ஆக்னஸ் மக்கீ என்ற தாதி தாதியருக்காக மயக்க மருந்துப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு மாதப் படிப்பு. உடலமைப்பு, உடலின் தொழில்கள், மருந்துகளின் குணம் ஆகியவையும் பாடங்கள். 1915-ல் கிளீவ்லண்டு நகரில், டாக்டர் கிரைல் என்ற சர்ஜனோடு வேலை செய்த அகதா ஹாட்ஜின்ஸ் என்ற கனடா நாட்டு அம்மையார் மற்றொரு பள்ளியைத் திறந்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் இவர் பிரான்சுக்குச் சென்று, காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்து, மற்றவர்களுக்கும் கற்பித்தவர். அவரே 1931-ல் இத்தாதியரின் தேசிய சங்கத்தை நிறுவினார்.

எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. தாதி மயக்க மருந்து கொடுப்பது வைத்தியத் தொழிலைத் திருடுவது என்று டாக்டர்களில் சிலர் வழக்காடினார்கள். 1917-ல் கென்டக்கி மாகாணத்து மேல் நீதிமன்றமும், 1936-ல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றமும் தாதியருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லின. வழக்காடினவர்களுடைய வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உயிரைக் கையில் வைத்திருப்பவருக்கு ஆழ்ந்த கல்வி வேண்டும் என்றார்கள்; அது நியாயமே. ஆனால் யாருமே கற்க விரும்பாத காலத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கற்றவர்கள் யார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பது அதற்கென்றே மேற்படிப்புப் படித்த டாக்டர்களின் வேலையாக வளர்ந்தது. அமெரிக்காவில் டாக்டர்களும் இருக்கிறார்கள், தாதியரும் இருக்கிறார்கள். அங்கே 1945-ல் முதல் தகுதித் தேர்வு தாதியருக்கு வைக்கப்பட்டது. இன்று இந்தத் தொழிலுக்கு வருகிற தாதி டாக்டர் பட்டத்தளவு படிப்பை முடித்தாக வேண்டும். துணி முகமூடியும் ஈதர் டப்பாவும் அங்கே காட்சிசாலைப் பொருள்களாகிவிட்டன.

ஆலிஸ் அம்மையாரின் பிற்கால வாழ்வைச் சொல்ல மனம் சற்றுத் தயங்குகிறது. 1908-ல், தமது நாற்பத்தெட்டாம் வயதை எட்டும் சமயத்தில், அயோவா மாகாணத்துக் கிரெஸ்கோ ஊரில் சர்ஜனாயிருந்த ஜார்ஜ் கெஸல் என்பவரை மணந்து, ராச்செஸ்டரை விட்டுப் போனார். எத்தனையோ ஆயிரம் பேரை அமைதியாகத் தூங்கவைத்தவருக்குச் சொந்த இல்லத்தில் அந்த அமைதி நிலைக்கவில்லை. அந்த மணவாழ்வு இறுதிவரை நீடிக்கவில்லை. 1906-ன் கட்டுரைக்குப் பின் அவர் பெயர் வைத்தியப் பத்திரிகைகளில் பெரிதாக வரவும் இல்லை. 1928-ம் ஆண்டு பெப்ரவரி மாதம், 67-ம் வயதில் மரித்தார். தாதியரின் சங்கம் கூடியதையோ, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பையோ அவர் காணவில்லை.

அந்த ஆபரேஷன் அறையில் அவரோடு நின்ற மற்ற மூவரும் ஒரே ஆண்டில் போனார்கள். 1939 மார்ச்சில் சிஸ்டர் மேரி ஜோஸப், மே மாதத்தில் டாக்டர் சார்லஸ், ஜூலையில் டாக்டர் வில்லியம். 27 படுக்கைகளோடு மதர் ஆல்பிரட் தொடங்கிய ஆஸ்பத்திரி அதற்குள் பல நூறு படுக்கைகளுள்ளதாக வளர்ந்திருந்தது. ஆலிஸ் அம்மையாருக்கு முன் அந்த ஸ்டூலில் இருந்த ஈடித் அம்மாள் 1943 வரை ராச்செஸ்டரில் வாழ்ந்திருந்தார்.